மலை இடப்பக்கம் வந்த படம்

அந்த உளவாளிப் படத்தின் நிறைகுறைகளை எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேசினோம். வழக்கமாக ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால் 'பரவால்ல' அல்லது 'இழுவை' என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவோம். இந்தப் படத்தில் அது முடியவில்லை. என் மகளின் கல்யாணம் அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை வந்த கூட்டம் வடிந்து, மலை உச்சியில் தீபம் மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்த நாட்கள். பேருந்துகள் பழைய வழிக்குத் திரும்பியிருந்தன. மார்கழி பிறக்க அதிக நாள் இல்லை. மார்கழியில் எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை. எடுத்த பேச்சை அதற்கு முன் முடித்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் தை வரை தொங்கும். தொங்குகிற பேச்சு பெரும்பாலும் அறுந்துவிடும். நான் ஓர் அரசு அலுவலகத்தில் பழைய கோப்புகளைப் பாதுகாக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் நாள், கிழமையோடு நினைவில் வைப்பது அங்கே ஒட்டிக்கொண்ட பழக்கம். ஆனால் அந்த வாரம் எங்கள் வேங்கிக்கால் வீட்டில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் மட்டும் அல்ல.

என் மகள் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. அதுவரை வந்த வரன்களை எல்லாம் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். காரணங்கள் சிறியவை, ஆனால் மறுத்துப் பேச முடியாதவை. ஒருவர் ஓட்டலில் தண்ணீர் கொண்டுவந்தவரை விரல் சொடுக்கிக் கூப்பிட்டார். இன்னொருவர் தொலைபேசியில் அவளுடைய சம்பளத்தை இரண்டு முறை கேட்டார். இரண்டாம் முறை முதலில் கேட்டது மறந்துபோனதால். இப்போது வந்த பையன் பக்கத்தில் கீழ்பென்னாத்தூர். அப்பா நெல்லும் வேர்க்கடலையும் பயிர் செய்பவர். பையன் பொறியியல் படித்துவிட்டுச் சென்னையில் சினிமாவுக்குக் கிராபிக்ஸ் செய்யும் நிறுவனத்தில் இருந்தான். சில வாரம் தொலைபேசியில் பேசிப் பார்த்துவிட்டு, ஒரு காலையில் இட்லி சாப்பிட்டபடியே, "சரி, இவரையே பாருங்க" என்றாள். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

மீதம் இருந்தது ஒரே ஒரு சம்மதம். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மைத்துனர். அப்பா சிறுவயதிலேயே போய்விட்டதால் தங்கையை வளர்த்து, படிக்கவைத்து, எனக்குக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே டீக்கடை வைத்திருக்கிறார். என் மகளுக்குத் தாய்மாமன். மணமேடையில் முதல் மாலை அவர் போட வேண்டும். அவரைக் கேட்காமல் எங்கள் வீட்டுக் குளியலறையில் டைல்ஸ்கூட மாறியதில்லை. அவர் வேண்டாம் என்றால் என் மனைவி மேடைக்கே வரமாட்டாள். அவள் வராவிட்டால் என் மகள் தாலி கட்டிக்கொள்ள மாட்டாள். இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

அவர் வந்து உட்கார்ந்து, ஜாதகத்தைப் பற்றிக் கேட்டார். குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு மருமகளைப் பார்த்து, "பையன் இன்னா வேலை பண்றான்?" என்றார்.

"கிராபிக்ஸ் மாமா."

"அப்படின்னா?"

"சினிமால இல்லாததை இருக்கற மாதிரி காட்டுவாங்க. இருக்கறதை இல்லாத மாதிரியும் காட்டுவாங்க."

"அது பொய். நான் வேலையைக் கேட்டேன்."

என் மகள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, ஊரில் ஓடிக்கொண்டிருந்த அந்த உளவாளிப் படத்தைச் சொன்னாள். மலை வருகிற காட்சிகளை எல்லாம் அவனும் அவனுடைய குழுவும்தான் செய்தார்கள் என்றாள். அவருடைய முகம் மாறியது. அந்தப் படத்தின் படப்பிடிப்பு முந்தின ஆவணியில் அவருடைய கடை வாசலிலேயே நடந்திருந்தது. விடியற்காலையில் வந்து பாதையை மறித்து, ஒரு மோட்டார் சைக்கிளையும் இரண்டு கறுப்பு வண்டிகளையும் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். கடையைத் திறந்து வைக்கச் சொன்னார்கள். மொத்தக் குழுவும் அவரிடம்தான் டீ குடித்தது. கதாநாயகன் குடிக்கவில்லை, வந்தது அவருக்குப் பதிலாக வண்டி ஓட்டுபவர்தான் என்பதை மட்டும் அவர் யாரிடமும் விளக்கிச் சொல்வதில்லை.

"அதுல என் கடை வருதா?"

"வருதாம் மாமா. நல்லாவே வருதாம்."

"அப்போ போலாம்."

பையனுடைய வேலையை மாமாவின் கண்ணெதிரே காட்டிவிடலாம் என்பது என் மகளின் திட்டம். நல்ல திட்டம்தான். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு நான், மனைவி, மகள், மைத்துனர் நான்கு பேரும் போனோம். மைத்துனர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். இருக்கையில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிக் காலுக்கடியில் ஒழுங்காக வைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் தியேட்டருக்கு வந்தது எனக்கு நினைவில்லை.

படத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்கிறேன். நான் கொஞ்சம் உளவாளி நாவல்கள் படித்தவன். வெளிநாட்டு நாவல்களின் மொழிபெயர்ப்புகளும், பழைய மாத இதழ்களில் தொடராக வந்தவையும். அந்த வகையில் எது நன்றாக இருக்கும், எது இருக்காது என்று ஒரு கணக்கு எனக்கு உண்டு. இந்தப் படத்தின் முதல் அரைமணி நேரம் அந்தக் கணக்கையும் தாண்டி நன்றாக இருந்தது.

கதை இது. இறந்துவிட்டதாக அரசாங்கம் அறிவித்த ஓர் உளவாளி, திருவண்ணாமலையில் காவி கட்டிக்கொண்டு சாமியாராக இருக்கிறான். பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியைத் திருடிவிடுகிறார்கள். அது இருந்தால் இந்தியா முழுவதையும் இருட்டாக்கிவிடலாம். அதைத் திரும்ப எடுத்துவர அவனைத் தவிர வேறு ஆள் கிடையாது. நாட்டில் இத்தனை கோடிப் பேர் இருக்கும்போது ஒரே ஒரு ஆள்தானா என்று இந்த வகைப் படங்களில் கேட்கக் கூடாது. நானும் கேட்கவில்லை.

பௌர்ணமிக் கூட்டத்தில் அவனுக்குச் செய்தி வந்து சேரும் காட்சி உண்மையிலேயே சிறப்பு. யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஒரு பெண் நடந்தபடி தலையில் இருந்த பூவை எடுத்துக் கைமாற்றிப் பிடிக்கிறாள், அவ்வளவுதான். ஆயிரம் பேர் வெறுங்காலோடு நடக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. அந்தச் சத்தத்தை இத்தனை வருஷமாகக் கேட்கிறேன். ஆனால் காதில் விழுந்தது அன்றைக்குத்தான். சரக்கு ரயிலின் கூரைமேல் நடக்கும் சண்டை நன்றாக இருந்தது. யார் எங்கே நிற்கிறார்கள், யார் எந்தப் பக்கம் விழப்போகிறார்கள் என்பது தெளிவாகத் தெரிந்தது. இந்தக் காலத்துச் சண்டைக் காட்சிகளில் அது அரிது. வில்லன் குரலை உயர்த்தவே இல்லை. ஆரஞ்சுப் பழத்தை உரித்தபடி, நார் எல்லாம் எடுத்து, பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சுளை கொடுத்துவிட்டுத்தான் கொலைக்கு உத்தரவு போடுகிறான். உளவாளியாக வரும் பெண், ஒரு சமையலறையில் குக்கர் மூடியை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று பேரைச் சமாளிக்கிறாள். என் மனைவி அந்தக் காட்சியில், "கேஸ்கெட் போயிருக்கும்" என்று சொன்னாள். அது பாராட்டு.

குறைகளும் இருந்தன. அந்த ரகசிய அமைப்பின் தலைமை அலுவலகத்தில் யாருமே உட்காரவில்லை. எல்லாரும் ஒரு பெரிய திரையைப் பார்த்து நின்றுகொண்டே இருந்தார்கள். நான் பணியில் இருந்த காலம் முழுவதும் அப்படி ஓர் அலுவலகத்தைப் பார்த்ததில்லை. ரகசியமான எதையும் அவர்கள் உரக்கத்தான் சொன்னார்கள். கட்டடத்தின் முகப்பில் அமைப்பின் சின்னம் ஓர் ஆள் உயரத்துக்கு இருந்தது. கதாநாயகனுக்கு இடது தோளில் குண்டு பாய்கிறது. அடுத்த நாட்டில் அதே தோளில் ஒரு குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். படம் முழுக்க அவன் சாப்பிடவில்லை. இடைவேளைக்குப் பிறகு படம் மூன்று முறை முடிந்து, மூன்று முறை மீண்டும் தொடங்கியது. எனக்கு மட்டும் உறுத்திய இன்னொன்று: மலையுச்சியில் தீபம் எரிகிறது, கீழே ஒரு கிழவி கூடையில் மாம்பழம் விற்கிறாள். தீபம் கார்த்திகையில், மாம்பழம் சித்திரைக்கு மேல். இதை மகளிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். தீபம் எரிந்த காட்சியையும் அந்தப் பையன்தானே செய்திருப்பான் என்று நினைவுக்கு வந்தது. திரும்பிக்கொண்டேன்.

துரத்தல் காட்சி இரண்டாம் பாதியில் வந்தது. கருவி கிடைத்துவிட்டது. கதாநாயகன் மோட்டார் சைக்கிளில் கிரிவலப் பாதையில் பறக்கிறான். பின்னால் கறுப்பு வண்டிகள். எதிர்த் திசையில் ஹெலிகாப்டரில் வில்லன். மைத்துனர் இருக்கையின் நுனிக்கு வந்தார். பாதையோர மரங்கள், ஒரு நந்தி, ஒரு மண்டபம் என்று எல்லாம் ஓடிவந்தன. பிறகு அவருடைய கடை வந்தது. ஒரு தும்மல் போடும் நேரம் இருக்கும். மஞ்சள் பலகை, சிவப்பு எழுத்து, வெளியே தொங்கும் பிஸ்கட் பாக்கெட் சரம்.

"என் கடை!" என்றார். முன்வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். மைத்துனர் அவரிடமும், "என் கடைதான்" என்றார்.

அடுத்த நொடி அவருடைய முகம் மாறியது. கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார்.

"மச்சான், மலை எந்தப் பக்கம் இருக்குது?"

நான் பார்த்தேன். "இடது பக்கம்" என்றேன்.

மலையைச் சுற்றுகிறவர் மலையை வலப்பக்கம் வைத்துத்தான் சுற்றுவார். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மலை ஓரத்தைச் சித்தர்களுக்கு விட்டுவிட்டு, பாதையின் இடது ஓரமாக நடக்கிறவர்கள் நாங்கள். திரையில் கதாநாயகன் மலையை இடப்பக்கம் வைத்து, முழு வேகத்தில், எதிர்ச்சுற்று போய்க்கொண்டிருந்தான்.

மைத்துனர் எழுந்து நின்றுவிட்டார்.

பின்னால் இருந்த ஓர் இளைஞன், "பெருசு, உக்காருங்க" என்றான்.

"மலையை எதிர்ச்சுத்து சுத்துறான்பா!"

"சுத்தட்டும், பின்னாடி பாம் வருது!"

என் மகள் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அதற்குப் பிறகு நடந்த எதையும் அவர் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். இந்தியா இருட்டாகாமல் காப்பாற்றப்பட்டது. விளக்குகளைப் போட்டார்கள், கதவுகளைத் திறந்தார்கள். எல்லாரும் போய்விட்டார்கள். நாங்கள் நான்கு பேர் மட்டும், ஏற்கெனவே முடிவுசெய்திருந்தபடி, பையனின் பெயர் வரும்வரை உட்கார்ந்திருந்தோம். எறும்புச் சாரை மாதிரி பெயர்கள் மேலே ஏறிக்கொண்டே இருந்தன. கூட்டுகிறவர் துடைப்பத்தோடு எங்கள் வரிசையின் முனையில் காத்திருந்தார். பெயர் வந்தது. என் மனைவி கைதட்டப் போய், அண்ணன் முகத்தைப் பார்த்துக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் மைத்துனர் செருப்பை மாட்டியபடி சொன்னார்: "ஷூட்டிங் அன்னிக்கு நான் நின்னு பாத்தேன். வருண லிங்கத்துப் பக்கத்துல இருந்து வாயு லிங்கத்துப் பக்கம்தான் வண்டி போச்சு. மலையை வலது பக்கம் வெச்சு சரியாத்தான் போச்சு. நடுவுல யாரோ மாத்தியிருக்காங்க." பிறகு என் மகளைப் பார்த்தார். "மலை வர்ற சீன் எல்லாம் யாரு பண்ணதுன்னு சொன்னே?"

பதிலுக்கு நிற்காமல் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை என் மனைவி அவரிடம் பேசினாள். தொலைபேசியை வைத்துவிட்டு வந்து எங்களிடம் அப்படியே சொன்னாள்: "படம் நல்லா இருந்துச்சாம். பையன் வேணாமாம்."

அந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்தது ஒரு திரைப்பட விமர்சனம் என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் மைத்துனர் பேசுவார். அவர் சொன்னதை மனைவி காப்பியோடு சேர்த்துக் கொண்டுவந்து வைப்பாள். "மலையையே திருப்பத் துணிஞ்சவன், நாளைக்குக் குடும்பத்துல எதைத் திருப்பமாட்டான்னு கேக்குறார் அண்ணன்." நான் படத்தின் பக்கம் வாதாடுவேன். ரயில் சண்டையைச் சொல்வேன், கால் சத்தத்தைச் சொல்வேன். ஒரு படத்தில் ஒரு காட்சி தப்பாக இருந்தால் மொத்தப் படத்தையும் ஒதுக்க முடியுமா என்பேன். "மொத்தப் படத்தை யார் ஒதுக்கினா? பையனைத்தான்" என்பாள். அண்ணன் பேச்சைத் தட்டவும் முடியாமல், மகள் முகத்தைப் பார்க்கவும் முடியாமல் அந்த வாரம் அவள் பாத்திரங்களைக் கொஞ்சம் ஜாஸ்தி சத்தத்தோடு கழுவினாள்.

எனக்கு ஒரு விஷயம் புரிந்திருந்தது. துரத்தல் காட்சியில் மட்டும் கதாநாயகனின் கடிகாரம் வலது கைக்கு மாறியிருந்தது. அவன் திசை மாறி ஓட்டவில்லை. படத்தையே கண்ணாடிப் பிம்பம் மாதிரி திருப்பிப் போட்டிருக்கிறார்கள். இதை மைத்துனரிடம் சொன்னேன். "அப்போ மலையை மட்டும் இல்ல, வண்டி, ஆளு, கடை எல்லாத்தையும் திருப்பியிருக்கான்" என்றார். விளக்கம் குற்றத்தைப் பெரிதாக்கியது.

என் மகள் பையனிடம் நேராகவே கேட்டாள். வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது எங்களிடம் சொன்னாள்: "அவர்தான் பண்ணாராம். 'ஆமா, நான்தான்'னு சொன்னார். வேற யாரையும் சொல்லல." சாதத்தைப் பிசைந்துகொண்டே, "ஞாயித்துக்கிழமை வரேன்னு சொன்னதை மாத்த வேணாம்னும் சொன்னார்" என்றாள். அவளுடைய குரலில் கவலை இருந்தது. அதைவிட அதிகமாக, ஒரு கணக்கின் விடை சரியாக வந்த நிம்மதியும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தவறினால் பிறகு மார்கழிதான். மனைவி அண்ணனை எப்படியோ சம்மதிக்கவைத்தாள். "வரேன். கேட்டுட்டுப் போறேன்" என்பதுதான் அவர் சொன்னது.

பையனும் அப்பா அம்மாவும் காலையிலேயே வந்துவிட்டார்கள். புது வேர்க்கடலை ஒரு பை கொண்டுவந்திருந்தார்கள். பையன் ஒல்லியாக, கொஞ்சம் கூன் விழுந்த மாதிரி இருந்தான். திரைக்கு முன் உட்காருகிறவர்களின் முதுகு. அப்பா அதிகம் பேசாதவர். அம்மா எல்லாவற்றையும் பார்த்து, "வீடு காத்தோட்டமா இருக்குதுங்க" என்றார். கடைசியாக மைத்துனர் வந்தார். நலம் விசாரித்தார். நாற்காலியைப் பையனுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, படம் பாத்தேன்."

"சொன்னாங்க."

"ஷூட்டிங்ல வண்டி சரியான பக்கம்தான் போச்சு. நான் பாத்தேன். படத்துல எதுக்குத் திரும்பி வருது?"

பையன் மேஜையில் இருந்த இரண்டு டீ கிளாஸை எடுத்தான். ஒன்றைத் தன் பக்கம், ஒன்றை அவர் பக்கம் வைத்தான். "இது ஹீரோ. இது ஹெலிகாப்டர்ல வர்ற வில்லன். ரெண்டு பேரும் மோதணும்னா எதிரெதிரா வரணும். வில்லனை வெளியூர்ல எடுத்துட்டாங்க, அதை மாத்த முடியல. ஹீரோவை இங்க எடுத்ததும் அதே திசையில இருந்துச்சு." இரண்டு கிளாஸையும் ஒரே பக்கமாக நகர்த்திக் காட்டினான். "இப்படிப் போனா சண்டை மாதிரி இருக்காதுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து ஏதோ விசேஷத்துக்குப் போற மாதிரி இருக்கும். அதனால எடிட்டர் இதைத் திருப்பச் சொன்னாரு. நான் திருப்பினேன்."

அவனுடைய அம்மாவுக்கு இது தெரியாது போல. டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"டேய், மலையைப் போயாடா திருப்பினே?"

"அம்மா..."

"நீ பொறக்கணும்னு இந்த மலையைத்தானேடா சுத்தினேன்! ஒம்பது பௌர்ணமி! காலு கொப்புளம் போட்டு! அதைப் போயி..." சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அவருடைய கணவர் முதல் முறையாக வாயைத் திறந்து, "அறிவு இருக்குதா உனக்கு?" என்றார். அது எங்கள் எல்லாருக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

மைத்துனருக்கு இது எதிர்பாராதது. தான் கேட்க வந்ததை எல்லாம் அந்த அம்மா இன்னும் உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். "விடும்மா" என்றார். "நான்தான் கேட்டுக்கினு இருக்கேன் இல்ல." பிறகு பையனிடம், கொஞ்சம் தணிந்த குரலில்: "நீ மெட்ராஸ் பையனா இருந்தா நான் பேசாம போயிருப்பேன். தெரியாம பண்ணிட்டான்னு. நீ கீழ்பென்னாத்தூர். தெரிஞ்சே பண்ணியிருக்கே."

"தெரியும்னுதாங்க எனக்கே குடுத்தாங்க. மலை உனக்குத்தானே பழக்கம்னு."

"நீ ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னேங்க. இது திருவண்ணாமலைக்காரங்களுக்கு மட்டும்தான் தெரியும்னு எடிட்டர் சொல்லிட்டாரு."

"எங்க மலை. எங்களுக்குத்தானே தெரியணும்?"

அது நியாயமான கேள்வி. அந்தப் படத்தின் பெரிய குறை எது என்று கேட்டால் நானும் இதைத்தான் சொல்வேன்: உலகத்தையே காப்பாற்றப் புறப்பட்டவர்கள், எந்த ஊரில் நிற்கிறோமோ அந்த ஊர்க்காரர்களைக் கணக்கில் எடுக்கவில்லை.

சமையலறைக் கதவருகில் நின்றிருந்த என் மகள் உள்ளே வந்தாள். கூப்பிடாமல் வரக்கூடாத நேரம். வந்து, மாமாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாமா, தினமும் சரக்கு எடுக்க டவுனுக்கு எப்படி வர்றீங்க?"

"இன்னா கேள்வி இது? வாயு லிங்கம், குபேர லிங்கம் வழியா. மலை வலது பக்கம்."

"சரக்கு எடுத்துட்டுக் கடைக்குத் திரும்பிப் போறப்ப?"

மைத்துனர் அவளைப் பார்த்தார். "பால் பாக்கெட்டையும் பன்னையும் வெச்சுக்கினு முழு மலையைச் சுத்திக்கினா போவாங்க? வந்த வழியே போவேன். அது பொழப்பு."

"எனக்கும் அது பொழப்புதாங்க மாமா" என்றான் பையன்.

அவன் வாயாடுவதற்காகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னான். மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை. தெரிந்து கூப்பிட்டானா, வாயில் வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் மனைவி வேர்க்கடலைப் பையை எடுத்து, வைக்க இடம் தெரியாதவள் போலக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மைத்துனர் இரண்டு கிளாஸையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "எல்லாத்தையும் திருப்பினா, போர்டுல எழுத்து மட்டும் எப்படி நேரா இருந்துச்சு?"

"அது தனியா எழுதினதுங்க. படத்தைத் திருப்பினா எழுத்தும் திரும்பிடும். உங்க போர்டை எடுத்துட்டு, அதே மாதிரி வேற வரைஞ்சு, வண்டி போற வேகத்துக்கு ஒட்டணும்."

"யார் வரைஞ்சது?"

"நான்தான். பழசு வெளுத்துப் போயிருந்துச்சு. அதைவிடக் கொஞ்சம் கலர் ஏத்தினேன். ஓரத்துல ஒரு தாமரைப் பூ இருந்துச்சு இல்ல, அதுதான் லேட்டாச்சு. இதழ் சரியா வரல."

"தாமரை வந்துச்சா படத்துல? நான் பாக்கலியே."

"யாரும் பாக்க முடியாதுங்க. அவ்ளோ கம்மி நேரம். ஆனா இல்லன்னா தெரியும்."

"எத்தினி நாள் உக்காந்தே அதுக்கு?"

பையன் கொஞ்சம் வெட்கப்பட்டான். "படத்துல அதுக்குத்தாங்க ரொம்ப நாள் ஆச்சு. ஹெலிகாப்டர்கூட சீக்கிரம் முடிஞ்சுது."

மைத்துனர் நாற்காலியில் சாய்ந்தார். யாருக்கும் தெரியாத ஒரு தாமரைக்காக ஒருவன் நாள்கணக்கில் உட்கார்ந்ததை அவர் மனத்துக்குள் ஏதோ ஒரு தராசில் வைத்துக்கொண்டிருந்தார் என்று தோன்றியது. பையனுடைய அம்மா இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் மட்டும் மாமாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சரி" என்றார். "ஒண்ணே ஒண்ணு."

"சொல்லுங்க" என்றான் பையன்.

"கல்யாண வீடியோவுல நீ கை வைக்கக் கூடாது. வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க. இந்த மாப்ளகிட்ட குடுத்தா, நான் இடது கையால அட்சதை போட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் ஜனம் என்னைத்தான் கேக்கும்."

முதலில் சிரித்தவர் பையனுடைய அப்பா. அவர் சிரிப்பார் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய மனைவி, "நல்லா சொல்லுங்கண்ணா, இவன் பண்ணாலும் பண்ணுவான்" என்று அழுகையோடு சேர்த்துச் சிரித்தார். பையன், "வைக்கமாட்டேன் மாமா" என்றான். என் மகள் எழுந்து, மேஜையில் எதிரெதிரே நின்றிருந்த இரண்டு கிளாஸையும் கழுவ எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

என் மனைவி கடலைப் பையை என் மடியில் வைத்துவிட்டு, வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்துவந்தாள். தட்டைத் தூக்கிக் கொடுக்க வேண்டியவர் தாய்மாமன். அவர் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பையனுடைய அப்பாவிடம் இரண்டு கையாலும் கொடுத்தார்.